பாலத்துக்குக் கீழே மூன்று வால் பூச்சி

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்குக் கொஞ்சம் தூக்கமும் கொடுத்து, நலமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ம் ம் என்பாய், எனக்கும் பாதியில் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் விடுமுறை நாளில் நிம்மதியாக உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் நிம்மதியாகப் படி. பயப்படும்படி ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் அம்மா ஜெயித்துவிட்டாள்.

எங்கள் தண்ணீர் ஆய்வகச் சுவரில் ஆற்றின் வரைபடம் ஒன்று தொங்குகிறது. அதில் பாலத்துக்குக் கீழே உள்ள பகுதியில், அதை மாட்டிய நாளிலிருந்து பதினொரு வருடமாகச் சிவப்பு ஊசிதான் குத்தியிருந்தது, சிவப்பு என்றால் உயிர் வாழ லாயக்கில்லாத தண்ணீர். இந்த வருடம் நகராட்சிப் பொறியாளர் ஒரு திட்டம் கொண்டுவந்தார், அந்தப் பகுதி முழுவதையும் கான்கிரீட் குழாய்க்குள் விட்டு மூடிவிட்டு மேலே கார் நிறுத்துமிடம் கட்டுவதாக. செத்துப்போன ஆற்றை மூடுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாராம். மூடுவதற்கு முன் சட்டப்படி ஒரு கடைசி ஆய்வு செய்தாக வேண்டும், மாதிரி எடுக்கிற வேலை என்னுடையது. அடக்கம் செய்வதற்கு முன் நாடி பார்க்கிற மாதிரி என்று அப்பா சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஆற்றில் என்னதான் செய்கிறேன் என்று மாப்பிள்ளை ஒருமுறை கேட்டார், அன்று சரியாகச் சொல்ல வரவில்லை. ரப்பர் கால்சட்டை போட்டுக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்குவேன். மரச்சட்டத்தில் கட்டிய வலையைத் தண்ணீர் வரும் திசை பார்த்துப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னால் கிடக்கும் கற்களைக் காலால் மூன்று நிமிடம் கிளறுவேன். கல்லடியில் இருக்கும் பூச்சி புழு எல்லாம் மிதந்து வந்து வலையில் விழும், அதை வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ண வேண்டும். கருவியை நீரில் விட்டால் ஆக்சிஜன் இவ்வளவு என்று காட்டும், ஆனால் அது அந்த நிமிடத்துக் கணக்கு. பூச்சிகள் அப்படியில்லை, வருடம் முழுக்க அங்கேயே குடியிருப்பவை, தண்ணீர் என்றைக்காவது கெட்டிருந்தால் அவை இருக்காது. சிவப்புப் புழுவும் அட்டையும் எந்தச் சாக்கடையிலும் பிழைத்துவிடும். மூன்று வால் வைத்த சின்னப் பூச்சி ஒன்று உண்டு, பக்கவாட்டில் இறகு மாதிரி செவுள் ஆடிக்கொண்டே இருக்கும், அதற்கு மட்டும் நல்ல தண்ணீர்தான் வேண்டும். பாலத்துக்கு மேலே நிறையப் பார்த்திருக்கிறேன், பாலத்துக்குக் கீழே நான் வேலைக்குச் சேர்ந்த இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

கடைசி ஆய்வுக்கு இறங்கிய அன்றைக்குப் பார்த்தேனடி. ஒன்றல்ல, பதினேழு. தட்டின் ஓரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நீந்தின. இரண்டு வருடத்துக்கு முன்னால் பாலத்தை ஒட்டிய தோல் தொழிற்சாலைகளின் கழிவையெல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள் அல்லவா, ஆறு யாரிடமும் சொல்லாமல் மெதுவாகத் தேறிக்கொண்டு வந்திருக்கிறது. நடு ஆற்றில் தட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்று அழுதேன், கையால் துடைக்க முடியாது, கையெல்லாம் சேறு.

பூச்சிகளைப் போட்ட பாட்டில்களைக் கொண்டுபோய் எங்கள் மேலாளரிடம் வைத்தேன். உனக்குத் தெரிந்தவர்தான், எப்போதும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருப்பாரே, அவர். பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பாட்டிலைப் பார்த்தார். "மேல எடுத்ததையும் கீழ எடுத்ததையும் மாத்தி சீட்டு ஒட்டிட்டீங்க போல. வயசாகுதுல்ல, பரவால்ல விடுங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தப் பரவால்லதான் நெஞ்சில் தைத்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சீட்டு மாறியதில்லை, காய்ச்சலோடு போன நாளிலும் மாறியதில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம்கூடப் பேசவில்லை, அவரே இரண்டு பேருக்கும் சமைத்து வைத்தார், உப்பு இல்லை, அதையும் நான் சொல்லவில்லை. மறுநாள் காலை நேராக மேலாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன், "சார், நீங்களே வந்து எறங்குங்க. நான் கரையிலயே நிக்கறேன், வலையத் தொடக்கூட மாட்டேன்."

வந்தார், அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். இரண்டாவது அடியிலேயே சேறு காலைப் பிடித்துக்கொண்டது, காலை உருவப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார், கண்ணாடி ஆற்றோடு போயிற்று. தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் நான் கரையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன், சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எழுந்து, கல்லைக் கிளறி, தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எண்ணினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கடைசியில், பன்னிரண்டு இருக்கும்மா என்றார், குரல் இறங்கியிருந்தது.

மொத்தம் ஐந்து இடத்தில் எடுத்தோம். நான்கில் நல்ல சேதி. மூன்றாவது இடத்தில் மட்டும் வெறும் சிவப்புப் புழு, நான்கு அட்டை, ஆக்சிஜன் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம்தான், ஐந்துக்குக் கீழே போனாலே மீனுக்கு மூச்சு முட்டும். விதிப்படி நான்கு இடம் போதும், இதை விட்டுவிடலாமா என்று மேலாளரே கேட்டார். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வாயில் வேறு வந்தது. "சார், நல்லது வந்தப்போ நான் தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சீங்க. இப்போ கெட்டத மறைச்சா நீங்க நெனச்சது சரியாப் போயிடும்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, எழுதுங்க என்றார்.

எழுதியதோடு விடவில்லை. அந்த மூன்றாவது இடத்துக்கு நேராகப் புதருக்குள் ஒரு இரும்புக் குழாய் கரையிலிருந்து எட்டிப் பார்த்தது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அங்கே கரைமேல் இருக்கும் ஒரே கட்டடம் நகராட்சி அலுவலகம். இங்கேதான் உன் அப்பா வருகிறார். மேலாளர் ஆய்வகத்துப் பச்சைச் சாயம் ஒரு சின்னப் பாட்டிலில் கொடுத்தார், தண்ணீருக்கு ஒன்றும் செய்யாத சாயம். அப்பா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தண்ணீர் வரி கட்ட வந்தவர் மாதிரி வரிசையில் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவசரம் என்று சொல்லிக் கழிப்பறைக்குள் போய், சாயத்தை ஊற்றித் தண்ணீரை இழுத்துவிட்டு எனக்கு போன் செய்தார். நானும் மேலாளரும் குழாய் வாயில் நின்றோம். ஆறு நிமிடம். பச்சைப் பசேலென்று வந்தது.

திட்டத்தை முடிவுசெய்யும் கூட்டத்தன்று நகராட்சி மன்றத்தில் உட்கார இடமில்லை. உன் சித்திகூட வந்திருந்தாள், அவள் வீட்டுப் பின்பக்கம்தான் அந்த ஆறு, நாற்றம் தாங்கவில்லை மூடித் தொலைக்கட்டும் என்ற கட்சி அவள். பொறியாளர் எங்கள் அறிக்கையைப் புரட்டி, நான் நினைத்தபடியே மூன்றாவது இடத்தில் விரலை வைத்தார். "அவங்களே எழுதியிருக்காங்க பாருங்க, புழுவும் அட்டையும்தான் இருக்குன்னு" என்றார். நகராட்சித் தலைவி எங்கள் மேலாளரைப் பார்த்தார். அவரோ, ஆற்றில் இறங்கினவங்க சொல்வாங்க என்று என்னைக் கை காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்து நின்று, அந்த இடத்துக்கு மேலேயும் தண்ணீர் நன்றாக இருக்கிறது, நானூறு அடி கீழேயும் நன்றாக இருக்கிறது, அப்படியானால் ஆறு செத்துப் போகவில்லை, அந்த ஓர் இடத்தில் மட்டும் யாரோ அதன் மேல் அழுக்கை ஊற்றுகிறார்கள் என்றேன். யார் என்று தலைவி கேட்டார். "இந்தக் கட்டடம்தாங்க. கீழ்த்தளக் கழிப்பறை" என்று சொல்லி, சாயம் ஊற்றிப் பார்த்ததை விளக்கி, குழாய் வாயில் எடுத்த பச்சைத் தண்ணீர் படத்தை நீட்டினேன். முதலில் சிரித்தது உன் சித்திதான், அப்புறம் மன்றமே சிரித்தது, பொறியாளர் மட்டும் தண்ணீர் குடித்தார்.

கார் நிறுத்துமிடம் கைவிடப்பட்டது. குழாயை ஒரு மாதத்துக்குள் கழிவுநீர்ப் பாதையோடு சேர்க்க வேண்டும் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், சேர்த்தும் விட்டார்கள். மறுநாள் ஆய்வகத்தில் மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு, இந்த அம்மா மேல சந்தேகப்பட்டது என் தப்பு என்று சொல்லி, மஞ்சள் ஊசியை என் கையில் கொடுத்தார். பச்சை இல்லை, மஞ்சள்தான், தேறி வருகிற தண்ணீர் என்று அர்த்தம், பச்சைக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் ஆகும். சிவப்பைப் பிடுங்கி மஞ்சளைக் குத்தினேன், சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது, பெருக்குகிற அம்மா திட்டினாள்.

போன வாரம் சாயங்காலம் உன் சித்தி போன் செய்தாள். ஜன்னல் முழுக்க ஏதோ இறக்கை வைத்த பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கிறது, வாலே மூணு இருக்கு, ஆபீசில் சொல்லி மருந்து அடிக்கச் சொல்லு என்றாள். ஒன்றும் அடிக்காதே, நாளைக்குள் தானே போய்விடும், அவை வளர்ந்து வெளியே வந்தால் ஒரு நாள்தான் ஆயுசு என்று சொல்லிவிட்டு நானும் அப்பாவும் ஆட்டோ பிடித்து ஓடினோம். ஆற்றின் மேல் ஆயிரக்கணக்கில் எழும்பி எழும்பி ஆடின. சித்தி நாற்காலி கொண்டுவந்து போட்டாள், மூன்று பேரும் இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் ஜன்னலைத் துடைக்கவே இல்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்து வலி என்றாயே, மருத்துவரிடம் காட்டினாயா, போனில் நான் கேட்கும்போது பேச்சை மாற்றாதே. இரண்டு பேரும் ஒருவரோடொருவர் சிரித்துப் பேசி, நினைத்ததெல்லாம் கைகூடி, நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும். அடுத்து நீங்கள் ஊருக்கு வருவதற்குள் உன் கால் அளவை மறக்காமல் எழுது, மாப்பிள்ளையுடையதையும். ரப்பர் கால்சட்டை இரண்டு ஜோடி கேட்டு வைக்கிறேன். இங்கே வளர்ந்த பதினெட்டு வருடத்தில் அந்த ஆற்றுப் பக்கமே உன்னைப் போகவிட்டதில்லை, ஒருமுறை பந்து எடுக்கப் போனதற்கு முதுகில் அடித்திருக்கிறேன். இந்தத் தடவை நானே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

(ஆற்றிலிருந்து ஏறி வந்ததும் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அது வேறு விஷயம். இன்னும் மஞ்சள்தானே.)