பெல்ட்டுக்கு மாட்டிய வலை

மாசி 3, திங்கள்
காலையிலேயே வெயில். பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ், நின்றுகொண்டே பயணம். மாதப்பன் தோட்டம், நான்காவது முறை. மஞ்சளுக்கு மெருகேற்றும் டிரம் வைத்திருக்கிறார். தொழிலை வளர்க்கச் சொல்லித்தருவது என் வேலை. ஆட்களுக்கு அடிபடாமல் பார்ப்பதும்.

மோட்டார் பெல்ட்டைச் சுற்றிக் கம்பிவலை மாட்டிவிட்டார்! எத்தனை மாதமாகச் சொன்னது. அவர் மனைவி பழனியம்மா: "இப்பத்தான் பயமில்லாம பக்கத்துல போறேனுங்க சார்."

திட்டத்தாளில் எழுதிக்கொடுத்தேன்: பெல்ட்டுக்கு வலை; டிரம்மில் மஞ்சள் போட்டு எடுப்பது நாளுக்கு ஆறு ஈடு, இனி ஒன்பது.

வாங்க: ரீஃபில், இருமல் மருந்து.

மாசி 9, ஞாயிறு
துணி துவைத்தேன். தூக்கம். மாதப்பன் போன்: "சார், ஒம்போது ஈடு ஓட்டிட்டனுங்க!" எனக்கும் பெருமை. வலையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

மாசி 12, புதன்
பழனியம்மாவின் வலது கை. பெல்ட்டில் மாட்டி. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூன்று விரல்கள் போய்விட்டன.

பெல்ட் அடிக்கடி கழன்றதாம். ஒவ்வொரு தடவையும் வலையின் நட்டைக் கழற்றி மாட்டினால் ஒன்பது ஈடு வராது. மாதப்பன் வலையை எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டார்.

என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்ன ஒம்போது வரணும்னுதானுங்க சார்."

திட்டியிருக்கலாம். வலையையும் ஒன்பதையும் ஒரே தாளில் எழுதியவன் நான்.

மாசி 13, வியாழன்
மேலதிகாரிக்கு போன். "ரிப்போர்ட்ல வலை மாட்டியாச்சுன்னு இருக்குல்ல? அவங்க கழட்டுனா நாம என்ன பண்றது?" ராஜினாமாக் கடிதம், இரண்டு வரி. கிழித்துவிட்டேன். வீட்டு நிலைமை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. பழனியம்மா கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "சாப்ட்டீங்களா சார்?"

மாசி 17, திங்கள்
மேகமூட்டம். கம்பைநல்லூர், புதுப் பயிற்சிக் கூட்டம். பதினைந்து பேர் இருக்கும். பாடத்தை விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"அது எங்க அக்காங்க. அவங்க வூட்டுக்குச் சொல்லிக்குடுத்தது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே ஒவ்வொருவராக மற்றவர்களும். மணி பதினொன்றுகூட ஆகவில்லை.