துடைக்காமல் வைத்திருக்கும் பானை

என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அண்ணன் வீட்டார் எல்லாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். உன் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது, பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, ஒரு பானையால் என் மண்டை குழம்பிக் கிடக்கிறது, யோசிக்க யோசிக்க இன்னும் குழம்புகிறது, அதனால் உன்னிடமே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு முன் வீட்டுச் சேதி. அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, உன் போட்டோவைக் காட்டி அத்தை என்று சொல்லச் சொன்னால் காற்றுதான் வருகிறது. மாடிப்படி ஓரத்துத் தண்ணீர்க் குழாயை ஒருவழியாகச் சரிசெய்தாயிற்று, கீழ்வீட்டுத் தையல்காரர் தன்னால்தான் நடந்தது என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிகிறார், திரியட்டும், அவர் பேச்சு பின்னால் வருகிறது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு பெண் துணிப்பையில் பானை ஒன்றைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொண்டேன், அந்த ஹோட்டலில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த ஒல்லிப் பெண், இப்போது ஒல்லி இல்லை. எந்த ஹோட்டல் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டாம், ஆனாலும் சொல்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன் அறைக்கு ஒன்றாக வைக்க நாற்பது பானை கேட்டார்களே, அப்பா வனைந்து குழியில் சுட்டார், சுட்டதைச் சுத்தம் செய்து மெருகேற்றி மெழுகு பூசுவது என் வேலை, உதவிக்கு நீ. நாற்பதும் ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. பாதிப் பானைகளில் மெழுகுக்கு அடியில் சாம்பல் அப்படியே இருந்தது, தொட்டவர் கையிலும் ஜன்னல் திரையிலும் கரி ஒட்டியது. மேனேஜர் நம் முன்னறையில் நின்றுகொண்டு யார் பூசியது என்று கேட்டார், அவர் வாயை மூடுவதற்குள் நான் உன்னைக் காட்டினேன், நீயும் "ஆமா சார், நான்தான், அவசரத்துல துடைக்காம பூசிட்டேன்" என்றாய். நீல மேல்சட்டை போட்டிருந்தாய், மூன்றாவது பொத்தான் இல்லை. அன்றோடு மெழுகுத் துணியை உன்னைத் தொட விடவில்லை. நீ ஊரை விட்டுப் போய் பேக்கரியில் சேர்ந்த பிறகும் எந்தக் கடிதத்திலாவது அதைச் சொல்லிக்காட்டாமல் விட்டிருக்கிறேனா, மாவு பிசைகிறவளுக்குப் போய் முதலில் மேசையைத் துடை என்று எழுதியவள் நான்.

இந்தப் பானை அந்த நாற்பதில் சேராதது, வரவேற்பு மேசைக்கென்று மேற்கொண்டு ஒன்று கொடுத்தோமே, அது திரும்பி வரவில்லை. அந்தப் பெண் அதில் பேனா போட்டு வைத்திருந்தாளாம், வேலையை விட்டபோது வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாளாம். இப்போது மேலே வெளுத்துப் போய்ப் பிசுபிசுக்கிறது, துணியில் ஒட்டுகிறது, கொஞ்சம் பளபளப்பாக்கித் தாருங்கள் என்றாள். குழியில் சுட்ட பானையில் எது அழுக்கு எது அழகு என்று தெரிந்தால் பாதி வேலை தெரிந்த மாதிரி. நெருப்பும் புகையும் தீட்டிய கறுப்பு மண்ணுக்குள் இறங்கியிருக்கும், துடைத்தால் போகாது. சாம்பல் மேலேதான் நிற்கும், மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றினால் வந்துவிடும். பிறகு இரண்டு நாள் காயவிட்டு, கை பொறுக்கிற சூட்டில் வைத்துத் தேன்மெழுகு தேய்த்து, ஆறியதும் பழைய பருத்தித் துணியால் மினுக்க வேண்டும். உனக்குத் தெரியாததா, நான் எதையும் மறக்கவில்லை என்று எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், இப்போது அது தேவைப்படுகிறது.

பழைய மெழுகு இளகட்டும் என்று பானையை அடுப்புப் பக்கம் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். வெளுப்பு விலகி மெழுகு கண்ணாடி மாதிரி ஆனபோது அடியில் சாம்பல் தெரிந்தது, சாம்பலில் விரல் இழுத்த தடம் தெரிந்தது. மூன்று நீளம், ஒன்று குட்டை. உடனே பானையை இறக்கி வைத்துவிட்டேன். என் வலது கை மோதிரவிரல் கதவிடுக்கில் சிக்கி நுனி போனது உனக்குத் தெரியும். என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது. அப்பா கையைப் பிடித்து இழுத்து வைத்துப் பார்த்தேன், உட்காரவில்லை. நீ என்றைக்கும் மெழுகைத் துணியில் தொட்டுத்தான் பூசுவாய், வெறுங்கையால் பூசுகிறவள் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

அப்படியென்றால் நான் எப்படித் துடைக்காமல் பூசினேன். மெழுகு பூசிய அன்றைக்கு நடந்ததை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். பின்னறையில் இரண்டு வரிசையாகப் பானைகளை அடுக்கியிருந்தோம். ஜன்னல் பக்கத்து வரிசையைத் துடைத்து முடித்துக் காயவும் வைத்தாயிற்று. சுவர்ப் பக்கத்து வரிசை பாக்கி. மெழுகுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்த நேரத்தில் தையல்காரர் மேலே வந்து, நம் கரித்தண்ணீர் அவர் வாசலில் ஓடுகிறது என்று கத்தினார். "உங்க வீட்டுக் கரி என் மூஞ்சிலதான் விழணுமா" என்றார். "ஏற்கெனவே இருக்கிற மூஞ்சிக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது" என்றேன். அவர் பெண்டாட்டி படியில் நின்றுகொண்டு "பொம்பளையா இது, பூகம்பம்" என்றாள். அன்று அவர்கள் பேசிய ஒவ்வொரு சொல்லும், எந்தப் படியில் நின்று சொன்னார்கள் என்பதும் இன்றைக்கும் காதில் இருக்கிறது. சண்டை முடிந்து உள்ளே வந்து எந்த வரிசையில் உட்கார்ந்தேன் என்பது மட்டும் இல்லை. தலையைத் தட்டிப் பார்த்தேன், தண்ணீர் குடித்துவிட்டு வந்து யோசித்தேன், பின்னறையில் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகூடப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. எனக்கு இப்படி ஆனதே கிடையாது. இதையே மறந்திருக்கிறேன் என்றால் வேறு எதையெல்லாம் மறந்துவிட்டு ஊர் மேல் கோபமாக இருக்கிறேனோ தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டே "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். மற்றப் பானைகளைச் சூடாக்கித் திரும்பத் துடைத்தது அவர்தானே, இருபதிலும் அந்தக் குட்டை விரல் இருந்ததாம். ஏன் சொல்லவில்லை என்றேன். "அவ ஒத்துக்கிட்டா, நீ கத்தி முடிச்சிட்டே, மேனேஜரும் சமாதானம் ஆயிட்டார், நடுவுல நான் எதுக்கு" என்றார். அதோடு நிறுத்தினாரா, "கத்துக்கிற பொண்ணு கெடுத்தான்னா அந்த ஆள் மறுபடி வேலை கொடுப்பார், நீ கெடுத்தேன்னா யார் கொடுப்பா, அவளுக்கு அது புரிஞ்சிருக்கும்" என்றார். அவரிடம் பேசி இன்றோடு நாலு நாள் ஆகிறது, வேண்டியதைப் பேத்தி மூலம் சொல்லி அனுப்புகிறேன், அவள் பாதியைக் காற்றாக விட்டுவிடுகிறாள், அவரும் புரிந்த மாதிரி தலையாட்டுகிறார்.

நேற்று அந்தப் பெண் பானையை வாங்க வந்தாள். அப்பா வாயைத் திறப்பதற்கு முன் நானே சொல்லிவிட்டேன், இதைக் கெடுத்தது என் மகள் இல்லை, நான், இது என் கை என்று விரலை நீட்டிக் காட்டினேன். அவள் என்னையும் பானையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது நெருப்பு போட்ட கோலம்னுதானே நான் இத்தனை வருஷம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்" என்றாள். பிறகு அந்தத் தடம் போக வேண்டாம், கையில் ஒட்டாமல் மட்டும் செய்து தாருங்கள் என்றாள். ஒட்டாமல் இருக்க வேண்டுமானால் சாம்பலைத் துடைக்க வேண்டும், சாம்பலைத் துடைத்தால் தடம் போய்விடும். இத்தனை வருஷம் எது அழுக்கு என்று ஊருக்குச் சொன்னவளுக்கு இந்த ஒரு பானையில் அது தெரியவில்லை. துடைத்தால் நான் செய்ததை மறைக்கிற மாதிரி இருக்கிறது, விட்டால் வேலையை அரைகுறையாகக் கொடுத்த மாதிரி இருக்கிறது. ஒரு மாதம் பொறுத்துக்கொள் என்று அவளை அனுப்பிவிட்டேன்.

நீ சொல். அன்றைக்கு நீல மேல்சட்டையோடு நின்றாயே, அது என் கை என்று தெரிந்துதான் தலையில் போட்டுக்கொண்டாயா, இல்லை நான் கத்திய கத்தலில் நீயே செய்தாய் என்று நம்பிவிட்டாயா. முதலாவது என்றால் உன்மேல் கோபப்படுவதா வேண்டாமா தெரியவில்லை. இரண்டாவது என்றால் எனக்குச் சொல்ல வாயில்லை. எதுவானாலும் தப்பு என்னுடையது, இதை நான் யாருக்கும் இதுவரை எழுதியதில்லை, அதனால் எழுத்துக் கோணலாக வந்திருக்கிறது, பார்த்துக்கொள். பானையைத் துடைக்கவா விடவா என்பதையும் நீயே எழுது, அதுவரை அதன்மேல் யார் கையும் படாது. லீவு கிடைத்து நீயே வந்து செய்தாலும் சரி, மெழுகுத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

அடுப்புச் சூட்டில் நின்றே வேலை பார்க்கிறாய், தண்ணீர் நிறையக் குடி, கால் வலித்தால் உட்கார வெட்கப்படாதே. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நல்லவர்கள் நடுவில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், இந்தத் தடவை யாரையும் காப்பாற்றி எழுதாதே, முக்கியமாக என்னை.

இப்படிக்கு,
உன்னை விரல் நீட்டிக் காட்டிய
அம்மா