அழுகுணி என்று பெயர் வாங்கியவனுக்கு

ஏலே,

நேற்று மொட்டைமாடியில் என் வீட்டுக்காரி புதுப்புளி உடைத்துக்கொண்டிருந்தாள். கொட்டைகளை ஒரு முறத்தில் தனியே குவித்திருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்குக் கோபம் ஊறியது. விட்டேன் ஓர் உதை. முறம் கவிழ்ந்து மாடி முழுக்கக் கொட்டை.

"புளி என்ன பாவம் பண்ணுச்சு? கிறுக்குப் புடிச்சிருச்சா ஒங்களுக்கு?" என்றாள்.

செத்துப்போனவன்மேல் வந்த கோபம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன். பதில் சொல்ல மாட்டாய் என்ற தைரியம்தான். உயிரோடு இருந்தபோதே நீ பதில் சொல்லாதவன். உன்மேல் என் வழக்கே அதுதான்.

கிருஷ்ணன்கோவிலில் நீ எஞ்சினியரிங் படித்தபோது, விடுதி அறையில் வடக்கத்திப் பையன் ஒருவன் விட்டுப்போன ஆட்டப் புத்தகத்தின் ஜெராக்ஸ் கட்டுதான் எல்லாவற்றுக்கும் மூலம். ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் அப்படியொரு பகடைக்கு எங்கே போவது? நீதான் புளியங்கொட்டைகளைத் தரையில் ஒருபக்கம் தேய்த்து வெள்ளையாக்கி, ஒன்று முதல் இருபதுவரை எழுதி, பால்பவுடர் டப்பாவில் போட்டாய். பெரிய எண் வந்தால் பிழைத்தோம், சின்ன எண் வந்தால் தொலைந்தோம்.

அங்கேதான் நீ கோட்டைவிட்டாய். எடுத்த கொட்டையைத் திரும்ப உள்ளே போடக் கூடாது, டப்பா காலியான பிறகுதான் மொத்தமாகப் போட வேண்டும் என்று சட்டம் வைத்தாய். "நல்லதும் கெட்டதும் எல்லாத்துக்கும் பங்கு வரணும்லே" என்றாய். பகடைக்கு ஞாபகம் கிடையாதடா. உன் டப்பாவுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது.

ஞாயிறுதோறும் உன் வீட்டு மச்சில் நாலு பேர். நடத்துபவன் நீ. ஆடுபவர்கள் நான், உன் தங்கை ராஜி, அப்புறம் சீனி. சீனி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரைக்கிலோ பால்கோவாவோடு பஸ் ஏறுவான். ராஜபாளையத்துக்கு டப்பா மட்டும் வந்து சேரும். புத்தகத்தில் இருந்த வெள்ளைக்காரக் கோட்டையையும் நெருப்புக் கக்கும் பல்லியையும் தூக்கியெறிந்துவிட்டு, எங்களை மேற்கு மலையில் உப்பு கடத்தும் கூட்டமாக்கினாய். நான் சுருட்டையன், திருடன். பாத்திரப் பொருத்தம் பிரமாதம். ராஜி, வழிகாட்டி செங்கமலம். இரண்டு வருஷமாக ஒரு நோட்டு நிறைய அவளுக்கு வாழ்க்கை எழுதி வைத்திருந்தாள். செங்கமலத்துக்கு எந்தக் கீரை பிடிக்காது என்பதுவரை.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. மேசைக்கு அடியில் விரல்விட்டு, வெளியே போன எண்களை எண்ணிக்கொண்டே இருந்தேன். உள்ளே நல்லது மிச்சமிருந்தால் வீரனாக முன்னால் பாய்வேன். கெட்டது மிச்சமிருந்தால் காலில் முள் குத்திவிடும்.

கயிற்றுப் பாலத்துக்கு வந்தபோது டப்பாவில் இரண்டே கொட்டை. ஒன்றும் மூன்றும்.

"பொம்பளைக்குத்தான் மொத மரியாதை. நீ முன்னால போ தாயி" என்றேன்.

ராஜி உள்ளே கைவிட்டு எடுத்தாள். ஒன்று. கயிறு அறுந்து செங்கமலம் போய்ச் சேர்ந்தாள். நான் பாலமே வேண்டாமென்று திரும்பிவிட்டேன். ராஜி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "பரவால்லண்ணே, ஆட்டந்தானே" என்றாள். மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

அடுத்த ஞாயிறு அவள் ஆடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். டப்பாவில் நாலு கொட்டை மிச்சம், நாலும் பதினைந்துக்கு மேல். சுருட்டையன் தனியாளாக ஜமீன் மதில் தாண்டுகிறான் என்று அறிவித்துவிட்டுக் கையை நீட்டினேன். நீ டப்பாவை இழுத்து, வெளியே கிடந்த பதினாறையும் உள்ளே அள்ளிப்போட்டுக் குலுக்கினாய்.

"இனிமே இப்படித்தான். எடு."

எடுத்தேன். இரண்டு. மதிலிலிருந்து விழுந்து மண்டை உடைந்து செத்தேன்.

"என்னலே அழுகுணி ஆட்டம் ஆடுத? பாதியில ரூல்ஸ மாத்துவியோ?" என்று கத்தினேன். சீனி என் பக்கம் நின்றான். செங்கமலத்தைப் பறிகொடுத்த ராஜியே, "அண்ணைய்யா, இது அநியாயம்" என்று உன்னிடம் சொன்னாள். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் இன்னும் மடங்கியிருந்த என் விரல்களைப் பார்த்தாய். "நடத்துறவன் நான். சொன்னாச் சொன்னதுதான்" என்றாய். அவ்வளவுதான். அதோடு ஆட்டமே நின்றுபோனது.

நடத்துபவன் சட்டத்தை மாற்றலாமா என்றால், மாற்றலாம். ஆட்டம் அழுகிப்போனால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஆடுபவன் கை நீட்டுவதற்கு முன்னால் மாற்ற வேண்டும். ஏன் என்று எல்லார் காதிலும் விழச் சொல்ல வேண்டும். "இவன் எண்ணிக்கிட்டிருக்கான்" என்று இரண்டே வார்த்தை. அதைச் சொன்னால் ராஜி முன்னால் என் மானம் போகும் என்று விழுங்கிவிட்டாய். உன்னை எவன்லே விழுங்கச் சொன்னது?

நான் சும்மா இருந்தேனா? உனக்கு அழுகுணி என்று பட்டம் கட்டினேன். செட்டியார்பட்டிவரைக்கும் பரப்பினேன். உன் கல்யாணப் பந்தியில், உன் மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "மாப்ள பாதியில ரூல்ஸ மாத்துவாரு, சூதானமா இருங்க" என்றேன். இலையெல்லாம் அதிரச் சிரித்தார்கள். மாலையும் கழுத்துமாக நீயே ரசவாளியோடு வந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டாய். அன்றைக்காவது அந்த ரசத்தை என் தலையில் கொட்டியிருக்கலாம்.

போன மாதம் உன் காரியத்தன்று ராஜி என்னைத் தனியே கூப்பிட்டாள். தலை நரைத்துவிட்டது அவளுக்கு. "அண்ணைய்யா யாருக்கும் ஓரவஞ்சன பண்ணதில்ல. ஒங்க விசயத்துல மட்டுந்தான் தப்புப் பண்ணிட்டான். மனசுல வச்சுக்காதீக, மன்னிச்சிருங்கண்ணே" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடு தாயி, எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றேன். பெரிய மனுஷன்! வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான், காலில் கிடப்பதைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நேற்று முறத்தை உதைத்த கையோடு, கொட்டைகளை வீட்டுக்காரியே பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டு, ராஜிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். விரல்விட்டதை, முள் குத்தியதை, நீ என் கையைப் பார்த்ததை. எதிர்முனையில் மிக்ஸி ஓடும் சத்தம் நின்றது.

"அப்ப பாலத்துல கெட்டதுதான் கெடக்குன்னு தெரிஞ்சேதான் என்னைய முன்னால போகச் சொன்னீகளா?"

"ஆமா."

"அந்த வாரம் பூரா நான் அண்ணைய்யாகிட்ட பேசலண்ணே. தங்கச்சின்னும் பாக்காம செங்கமலத்தக் கொன்னுட்டியேன்னு சோறு போடும்போதுகூட பேசல. அவன் ஒரு வார்த்த சொல்லல."

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வைங்க போனை" என்றாள். முப்பது வருஷமாக என்னை மரியாதையாக அண்ணே என்று கூப்பிட்ட குரல், அந்த வார்த்தை இல்லாமல் வைக்கச் சொன்னது.

இதுவரை திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டாள் என்றுதான் தோன்றுகிறது. என் பெயருக்கு வரவேண்டிய கோபத்தையெல்லாம் நீதான் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டிருந்தாய். இந்த ஒன்று நேரே என்னிடம் வந்துவிட்டது. கனமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்லே, கையைவிட்டு இறக்குவதாக இல்லை.