ஏழு ரத்தக்கட்டுகள்

2 ஜூன் 2025, திங்கள்

காலை 5.40க்குக் கடற்கரை. வீட்டிலிருந்து பதினொரு நிமிட நடை. இது பன்னிரண்டாவது நாள். இன்னும் நான் விட்டுவிடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டாள் என்று என் கணவர் பலராமன் முத்தியால்பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வைத்திக்குப்பத்துப் படகுகளுக்கு இந்தப் பக்கம், மணலில் நாங்கள் ஆறு பெண்கள். சொல்லித்தருபவர் செந்தமிழ்ச்செல்வி, ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர் என்பதால் "அன், தெ, த்ருவா" என்றுதான் எண்ணுவார். பதினைந்தைத் தாண்டினால் குழம்பிவிடும். "எங்க விட்டேன்?" என்பார். மறுபடி அன்னிலிருந்து. எங்கள் தொடைகள் பெருப்பது இப்படித்தான்.

இதெல்லாம் ஏப்ரலில் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் தலை சுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டதிலிருந்து. இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். ஒருவரைப் பார்த்ததை மற்றவரிடம் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடமாகச் செய்தியை அப்படித்தான் உறுதி செய்கிறேன்: முதல் ஆள் சொன்னதை எடுத்து நீட்டினால் இரண்டாவது ஆள் தலையைத்தான் ஆட்டுவான். இருவரும் தனித்தனியாக ஒன்றையே சொன்னார்கள். நடக்கணும், உப்பைக் குறைக்கணும். ஆக, உண்மை. முதலாமவர் இதயத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தார், இரண்டாமவர் கொழுப்புக்கு ஒரு கேப்சூல். இரண்டையும் தவறாமல் போடுகிறேன்.

9 ஜூன், திங்கள்

குளிக்கும்போது பார்த்தேன். இடது மேல்கையில் ஒரு ரத்தக்கட்டு. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு, கத்தரிப்பூ நிறம். தொட்டால் வலி இல்லை. எங்கும் இடித்துக்கொண்ட நினைவும் இல்லை.

பலராமனிடம் காட்டினேன்.

"மணல்ல உழுந்தியா?"

"இல்லியே."

"அப்போ நண்டு."

"நண்டு மேல்கையில கடிக்குமா?"

"ஒசரமான நண்டா இருக்கும்."

12 ஜூன், வியாழன்

இன்று மூன்று ரத்தக்கட்டுகள். தோளில் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகளும். பதினாறு வரை எண்ணினேன், அதற்குமேல் கழுத்து திரும்பவில்லை.

14 ஜூன், சனி

தேதி, இடம், அளவு, அன்று செய்த பயிற்சி — நான்கு கட்டம் போட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். சந்தேகம் முதலில் ரப்பர் பட்டைமீது விழுந்தது. அதைத் தோளில் மாட்டி இழுக்கிறோம். செந்தமிழ்ச்செல்வி மனம் புண்பட்டுப் போனார். "அந்தப் பட்டையில ஐந்நூறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் மேடம். ஒருத்திக்கும் ஒண்ணும் ஆகல." இருந்தாலும் இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தோம். வெறும் கையைச் சுழற்றினேன், குனிந்தேன், நிமிர்ந்தேன். நான்காவது வந்தது. பயிற்சிக்குப் போகாத ஒரு நாள் மட்டும் புதிதாக எதுவும் வரவில்லை.

பட்டை விடுவிக்கப்பட்டது.

17 ஜூன், செவ்வாய்

பயிற்சி முடிந்து முகம் கழுவச் சட்டைக் கையைச் சுருட்டினேன். கூடப் பயிற்சி செய்யும் எதிர்வீட்டுத் தையல்நாயகி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மிட்டாய் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்பவள். பிடி உடும்புப் பிடி.

"இன்னாக்கா இது?"

"தெரியல. எங்கியோ இடிச்சிருக்கேன்."

"எங்க?"

"கதவுல."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவளை அனுப்ப வேண்டும் என்று அவசரம், வாயில் வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை பெண்கள் என் நோட்டுக்கு அதே கதவைச் சொல்லியிருக்கிறார்கள்! ஒருத்தியையும் நான் நம்பியதில்லை.

"கதவு வெரல் வெரலாப் புடிக்குமாக்கா?"

குனிந்து பார்த்தேன். நான்கு கட்டுகளும் ஒரே வரிசையில், ஒரு ஆண் கை அழுத்திப் பிடித்த மாதிரிதான் இருந்தன. மற்ற நால்வரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலில் பார்க்க ஒன்றும் இல்லை.

20 ஜூன், வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பலராமன் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடியபின் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறார். எதையும் கண்ணால் பார்த்து அளவு சொல்லமாட்டார். என் பட்டியலில் "ஒரு ரூபாய் அளவு", "புளியங்கொட்டை அளவு" என்று இருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. மில்லிலிருந்து கொண்டுவந்த வெர்னியரை எடுத்தார் — இரண்டு தாடை வைத்த இரும்பு அளவுகோல். ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருந்தது. என்னை உட்கார வைத்து, கையைப் பிடித்து, தாடையை ரத்தக்கட்டின் இருபுறமும் வைத்தார். இரும்பு சில்லென்று இருந்தது.

"ஆ!" என்றேன்.

"அசையாதன்றேன்!" என்றார். கொஞ்சம் சத்தமாகத்தான்.

நிமிர்ந்தால் எதிர்வீட்டு ஜன்னலில் தையல்நாயகி. கையில் முறம். முறத்தில் இருந்த அரிசி முழுக்க அவள் காலடியில்.

ஐந்தாவது கட்டு, 31.4 மில்லிமீட்டர்.

22 ஜூன், ஞாயிறு

சிரிப்பாகத்தான் இருந்தது, நேற்றுவரை.

தையல்நாயகி வீட்டு மோட்டார் பழுது. அதை ஆட்டோவில் ஏற்றி உருளையன்பேட்டை மெக்கானிக்கிடம் கொண்டுபோனாள். எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பலராமன் வாசலில் ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, மோட்டாரா?" என்று எழுந்தார். அவள் திரும்பவில்லை. தெருமுனையில் டீக்கடையிலும் யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள். என்ன என்று அவர் சொல்லவில்லை. டீ குடிக்காமல் வந்துவிட்டார்.

சாப்பிடும்போது சொன்னார்: "நான் வேணும்னா கொஞ்ச நாளு கோரிமேட்டுல தம்பி வூட்ல இருக்கட்டா?"

"எதுக்கு?"

"நான் இல்லாதப்பவும் உனக்கு இது வந்துச்சின்னா, நான் செய்யலன்னு தெரிஞ்சிடும் இல்ல."

ஒரு மெஷினில் கோளாறு எதிலென்று பார்க்க ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைப்பார்களே, அந்த மாதிரி. தன்னையே கழற்றி வைக்கப் பார்க்கிறார். இன்னா பேச்சு இது! முப்பது வருசத்துல என் மேல ஒரு தடவ கை ஓங்கியிருப்பாரா? எறும்பு வரிசை போனா ஸ்டூல நகத்திப் போட்டுக்கற மனுசன். நான்தான் சனியன் புடிச்ச அந்தக் கதவ இழுத்து விட்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ரத்தத்தில் வரும் பெரிய வியாதிகளுக்கும் இதே அடையாளம் என்று படித்தேன். அவரும் படித்திருக்கிறார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ரசம் நன்றாக இருக்கிறது என்று மூன்று முறை சொன்னார். இன்று ரசமே வைக்கவில்லை, சாம்பார்.

23 ஜூன், திங்கள்

விடுப்பு சொல்லிவிட்டேன். நாளை கோரிமேடு ஆஸ்பத்திரி. பட்டியல், சீட்டுகள், மாத்திரைகள் எல்லாம் ஒரே பையில்.

24 ஜூன், செவ்வாய்

காலை 6.15 பஸ். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எங்களுக்கு முன்னால் வரிசையில். ரத்தம் கொடுத்தது 8.50. டாக்டர் கூப்பிட்டது 12.20.

இளம் பெண். நான்கு கட்டப் பட்டியலை நிதானமாகப் படித்தார். "பாய்ன்ட் நாலு மில்லிமீட்டர் வரைக்கும் யாரு அளந்தது?" பலராமன் கையைத் தூக்கினார். டாக்டர் அவரை ஒரு நொடி பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கய்யா" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

"அம்மா, வீட்ல உங்கள யாராவது அடிக்கிறாங்களா?"

காயத்தோடு வரும் பெண்களிடம் எந்த டாக்டரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, கேட்க வேண்டும் என்று 2009இல் மூன்று நாள் தொடராக எழுதியவள் நான். கேட்டுவிட்டார்கள். சந்தோஷப்படவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை.

"இல்லம்மா. ஆனா இப்படிச் சொன்ன யாரையும் நான் நம்பினதில்ல. நீங்களும் நம்ப வேணாம். சோதிச்சுப் பாருங்க."

"சோதிச்சாச்சு. ரத்த அணுக்கள் எல்லாம் சரியான கணக்குல இருக்கு. நீங்க பயந்த வியாதி இல்ல."

மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார். அப்புறம், "மாத்திரை என்னென்ன எடுக்கிறீங்க?" பையைக் கவிழ்த்தேன். இதய மாத்திரை அட்டையையும் கொழுப்புக் கேப்சூல் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேப்சூல் அட்டையின் பின்புறம் இருந்த பொடி எழுத்தைப் பேனாவால் காட்டினார். பெரிய எழுத்தில் வேறு வேறு பெயர். பொடி எழுத்தில் ஒரே மருந்து. ஒன்றில் தனியாக, இன்னொன்றில் கொழுப்பு மருந்தோடு சேர்த்து.

"ரெண்டுமே ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கறது. ரெண்டு பங்கு போகுது. உடம்ப இழுத்து அசைக்கும்போது தோலுக்கடியில சின்ன ரத்தக்குழாய் விட்டா, சீக்கிரம் அடைக்காம கசியும். இது குடுத்தவருக்கு அது தெரியுமா?"

"தெரியாது. நான் சொல்லல."

"ஏன்?"

என் தொழில்முறையை விளக்கினேன். முதல் ஆள், இரண்டாவது ஆள், தலையாட்டல், எல்லாம். பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"டாக்டருங்க சாட்சி இல்லம்மா. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்லணும்."

தனி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கேப்சூல் தொடர வேண்டும், அதை என் இஷ்டத்துக்கு விடக்கூடாது. ஒரு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும். பட்டியலில் எழுதிக்கொண்டேன். பலராமனைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார். அவர் இரண்டு அட்டையையும் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.

"முப்பத்தோரு வருசம் பேப்பர்ல இருக்கா டாக்டர். தலைப்பு மட்டும் படிச்சிருக்கா."

பலராமன் சிரித்த சிரிப்புக்கு வெளியே வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

25 ஜூன், புதன்

மணலில் எல்லோரிடமும் சொன்னேன். சீட்டைக் காட்டினேன். செந்தமிழ்ச்செல்வி உடனே நம்பினார். பட்டை தப்பித்ததில் அவருக்கு மகிழ்ச்சி. தையல்நாயகி நம்பவில்லை.

"புருசனக் காப்பாத்தறதுக்கு மாத்திர மேல பழி போடாதக்கா. எங்க அக்காவும் இப்படித்தான். கேட்டா பாத்ரூம்ல வழுக்கினேன்னுவா. வருசம் பூரா வழுக்கினா."

அந்த அக்காவைப் பற்றி அவள் இதுவரை என்னிடம் சொன்னதில்லை. நான் வாதாடவில்லை. இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினேன். "தெனம் காலைல நீயே பாரு. பழசு மறையணும், புதுசு வரக்கூடாது. வந்துச்சின்னா நீ சொல்றது சரி."

"முதுகும் பாப்பேன்."

"பாரு."

3 ஜூலை, வியாழன்

மொத்தம் ஏழு. இரண்டு மறைந்தன. மூன்று பச்சை, இரண்டு மஞ்சள். புதிதாக எதுவும் இல்லை, ரப்பர் பட்டையை இழுத்தும். தையல்நாயகி தினமும் படகு மறைவில் சோதிக்கிறாள். என் பத்திரிகை ஆசிரியர்கூட என் செய்திகளை இத்தனை கவனமாகப் பார்த்ததில்லை. இன்று தீர்ப்பு: "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம்."

நேற்று ஆஸ்பத்திரியிலும் காட்டியாயிற்று. டாக்டருக்குத் திருப்தி. ஆனால் பலராமனை விடுவிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை, தையல்நாயகியிடம்தான்.

11 ஜூலை, வெள்ளி

காலையில் வாசல் தெளிக்கப் போனால் எங்கள் படியில் தையல்நாயகி வீட்டு மோட்டார். உருளையன்பேட்டை ரிப்பேர் இருபது நாள்கூடத் தாங்கவில்லையாம். பலராமன் காப்பியைக்கூட முடிக்காமல் அதைக் கழற்ற உட்கார்ந்துவிட்டார். அவள் தன் வாசலில் நின்று, "அவசரம் இல்லண்ணா" என்றாள்.

20 ஜூலை, ஞாயிறு

தையல்நாயகியின் மகள் கவிநிலாவுக்கு வில்லியனூரில் ஒரு மாப்பிள்ளை அமைகிற மாதிரி இருக்கிறது. பையன் கடை வைத்திருக்கிறான், குடி இல்லை, ஜாதகம் சரி. நேற்று சாயங்காலம் தையல்நாயகி வெற்றிலைத் தட்டு எதுவும் இல்லாமல் வெறும் கையோடு வந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் என்னைத் தாண்டிப் போய் பலராமன் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, கை நீட்டற ஆளான்னு யார்கிட்ட போய்க் கேக்கறது? கேட்டா யாரு சொல்லுவா? நீங்க ஒரு நட போய்ப் பாத்துட்டு வாங்க. நீங்க சரின்னா சரி."

பலராமன் கண்ணாடியைத் துடைத்தார். "போறேம்மா" என்றார்.

"நானும் வரேனே. விசாரிக்கறதுதானே என் வேல" என்றேன்.

"நீ வேணாம்க்கா. நீ போனா பேப்பர்காரின்னு அவங்க ஒழுங்கா உக்காந்து பதில் சொல்லுவாங்க."

இன்று காலை ஒன்பது மணிக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கிளம்பினார். ஒரு மணி நேர வேலை. மதியம் இரண்டாகியும் ஆள் வரவில்லை. போன் செய்தேன்.

"பையனோட அம்மாவுக்கு முட்டி வலி. அவன்தான் சமைக்கறான். நான் வெங்காயம் உரிச்சிக்கினு இருக்கேன்."

"பாத்தாச்சு இல்ல? கிளம்பி வர வேண்டியதுதானே?"

குரலைத் தாழ்த்தினார். "கத்திரிக்காய அடிபிடிக்க உட்டுட்டான். இப்பத்தான் அவங்கம்மா திட்ட ஆரம்பிச்சிருக்காங்க. இரு, பாத்துட்டு வரேன்."

மாலை நாலரைக்கு வந்தார். தையல்நாயகி எங்கள் கூடத்தில் மூன்றிலிருந்தே காத்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"இன்னாண்ணா?"

"திட்டி முடிச்சதும் அவங்கம்மாவுக்கு மோர் கரைச்சிக் குடுத்தான். குழம்பு வாயில வைக்க முடியல. பொண்ணக் குடுங்க."