கதவு போடாத சந்து

சண்டை போட்டாலும் பிரியம் குறையாத அண்ணாச்சிக்கு,

உங்கள் முதலாண்டு நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் மகன் கார்த்திக் கேட்டான். மற்றவர்கள் எல்லாரும் உங்களை வள்ளல் என்றுதான் எழுதியிருப்பார்கள். நீங்கள் வள்ளல் இல்லை. நான் கொண்டுவந்த வரைபடத்தைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் வெறுமனே கிடக்கிறதே என்று வருத்தப்பட்ட ஆள். அதனால் பாராட்டெல்லாம் எனக்கு வராது, கடிதமாகவே எழுதிவிடுகிறேன். ஊர் படித்தால் படிக்கட்டும்.

முதலில் செய்தி. கட்டிடம் திறந்தாயிற்று. பெயின்ட் வேலை மட்டும் மிச்சம் இருக்கும்போது நீங்கள் கிளம்பிப் போனீர்கள், அது எந்த ஊர் நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் தாத்தா பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் போட்டும் ஒருவரும் அதைச் சொல்வதில்லை. தீக்குச்சி செய்த பழைய தீப்பெட்டி ஆபீஸ் இருந்த இடம் என்பதால் ஊருக்கு அது 'தீப்பெட்டி மால்'. கரிசல் மண்ணில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது, சுவரில் ஒரு கீறல் கிடையாது. வெளியே ரோட்டோரம் புதிதாகப் போட்ட நடைபாதைதான் முதல் மழையிலேயே உப்பிக்கொண்டு நிற்கிறது. அது நம் வேலை இல்லை.

நீங்கள் என்னிடம் முதன்முதலாக வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பெரிய ஊர் மால்களை எல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டு என் திருநெல்வேலி ஆபீசுக்கு வந்தீர்கள். அந்த மாதிரி மால்களைச் சென்னையில் இருந்தபோது நானே வரைந்திருக்கிறேன் என்று சொன்னதும் உங்களுக்கு ஏக சந்தோஷம். ஏறும் எஸ்கலேட்டரை ஒரு மூலையிலும் இறங்கும் எஸ்கலேட்டரை எதிர் மூலையிலும் வைப்போம், வெளிச்சம் உள்ளே விடமாட்டோம், வந்தவர் எல்லாக் கடையையும் தாண்டித்தான் வெளியேற முடியும் என்று விளக்கினேன். "அடி சக்கை! உள்ள வந்தவன் ஒண்ணாச்சும் வாங்காம வெளிய போகக் கூடாது. அப்படித்தான் எனக்கும் வேணும்" என்றீர்கள்.

நான் அப்படி வரையவில்லை. உங்கள் இடத்தைப் பார்க்க வந்த அன்றே, பஸ் ஸ்டாண்டில் இறங்கிய சனம் பாதி இடிந்த உங்கள் சுற்றுச்சுவர் வழியாக நுழைந்து பஜாருக்குப் போவதைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற தீப்பெட்டி ஆபீசுகளுக்கு வேலைக்குப் போகிற பெண்கள், வைத்தியம் பார்க்க வந்த கிழவர்கள். ரோடு வழியாகச் சுற்றிப் போனால் லாரிக்கும் பைக்குக்கும் நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் அப்பா ஆடு மேய்த்தவர். ஆடு தானாகப் போட்ட தடத்தில் வேலி கட்டக் கூடாது என்பார். வீட்டில் அதை ஒரு பெரிய தத்துவமாக யாரும் எடுத்துக்கொண்டதில்லை, வேலி தாங்காது என்பதுதான் காரணம். நான் கட்டிடத்தை இரண்டாகப் பிளந்து, நடுவில் ஒரு சந்து விட்டேன். பகலெல்லாம் நிழல் விழும் மாதிரி ஒடுக்கமாக, இரண்டு பக்கமும் கடைகளோடு, இரண்டு முனையிலும் கதவே இல்லாமல்.

"ஏம்மா, காசு போட்டுக் கெட்டுதது நானு. நடந்து போறது ஊரா?" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஊர் நடக்க இடம் கொடுக்காததால்தான் சனம் வண்டியில் போய் மாலுக்குள் இறங்கி நடக்கிறது, அந்த நடையை இலவசமாகக் கொடுத்தால் கடைக்குத் தானாக வரும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். நீங்கள் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சங்கதியை. போணி. காலையில் முதல் விற்பனை ஆகும் முன்னால் நூறு பேர் வெறுங்கையை வீசிக்கொண்டு கடை வாசலைத் தாண்டிப் போனால் அந்தக் கடை விளங்குமா? பதினோரு மணிக்கு மேல் சந்தைத் திறந்துவிடலாம் என்று நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. அதோடு பேச்சு நின்றது. வேறு ஆளை வைத்து வரையப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

அப்புறம் ஒரு நாள் நீங்களே போன் செய்தீர்கள். நெஞ்சுவலி வந்து, தினமும் நடக்கச் சொல்லியிருந்தாராம் டாக்டர். கார் இல்லாமல் நீங்கள் தெருவில் இறங்கியதே அப்போதுதான்.

"மூச்சு வாங்குதுன்னு ஒரு கடை வாசப்படியில உக்காந்தேம்மா. புதுப் பய, என்னைய யாருன்னு தெரியல. 'பெரியவரே, இன்னும் போணி ஆகல, கொஞ்சம் தள்ளி உக்காருங்க'ங்கான்."

நான் சிரித்தேன்.

"சிரிக்காத. அவன் சொன்னதுல என்ன தப்பு? அவன் இடத்துல நான் இருந்தா நானும் அதத்தான் சொல்லுவேன். ஆனா நெஞ்சு வலிக்குதவன் எங்கன போயி உக்காருவான்? நீ அந்தச் சந்தைப் போட்டுரு. உக்கார இடமும் போட்டுரு."

போணிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்கும் யோசித்து வைத்திருந்தீர்கள். கடை எடுத்தவர்களை எல்லாம் கூட்டி வைத்து, "தெனமும் காலையில நான் இந்த வழியா நடந்து வாரேன். மொத ஆளா உங்க எல்லார் கடையிலயும் நானே போணி பண்ணுதேன். அதுக்குப் பொறவு ஊரு நடந்து போனா உங்களுக்கு என்ன?" என்று வாக்குக் கொடுத்தீர்கள். அதை நம்பித்தான் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இப்படி ஒரு தீர்வு எந்தக் கட்டிடக்கலைக் கல்லூரியிலும் கிடையாது அண்ணாச்சி.

நீங்கள் போன பிறகு கடை திறந்தது. திறப்பு விழாக் கூட்டம் கலைந்து சாதாரண நாட்கள் வந்ததும் பிரச்சினையும் வந்தது. சனம் சந்தில் நுழையப் பழகிக்கொண்டிருந்தது. நீங்கள் தரைக்கு முகம் தெரிகிற பளபளப்பு ஓடு கேட்டதும், நான் சொரசொரப்புக் கல்தான் என்று அடம்பிடித்ததும் ஞாபகம் இருக்கும். அப்படியும் ஒரு பெண் வாசலில் நின்று, "செருப்பைக் கழத்தணுமா? சும்மா நடந்து போலாமா?" என்று காவலாளியிடம் கேட்டாள். அவள் அந்தப் பக்கம் வெளியேறுவதைக் கடைக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

எல்லாரும் சேர்ந்து கார்த்திக்கிடம் போனார்கள். "ஒங்க அப்பா வாக்குக் குடுத்தாக. இப்ப அவிய இல்ல. ரெண்டு பக்கமும் கதவைப் போட்டுருங்க தம்பி" என்றார்கள். அவனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. "கண்ணாடிக் கதவு போட்டா ஏசியும் போட்டுரலாம் அத்தை. ஆடிக் காத்துல துணிக்கடை பூராம் செம்புழுதியும் கரிசப் புழுதியுமா கெடக்கு" என்றான். புழுதி விஷயத்தில் அவன் சொன்னது சரி. இடம் அவனுடையது. எனக்கு என்ன உரிமை? கண்ணாடிக்கு அளவெடுக்க ஆள் வரும் அன்று நானும் வந்தேன், கடைசியாக ஒரு தடவை பேசிப் பார்க்க.

நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. கடைகள் திறந்த நேரத்துக்கு மதினி வந்தார்கள். காரில் இல்லை, நடந்து. வெள்ளைச் சேலை, கையில் ஒரு கட்டைப்பை. உங்கள் பதினாறு முடிந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. நேராக முதல் கடையான பாத்திரக் கடையில் போய், ஒரு கரண்டி வேண்டும் என்று ரூபாயை நீட்டினார்கள்.

பாத்திரக் கடைக்காரர் கையை நீட்டவில்லை. "பொறவு வாங்களேம்மா. மொதல்ல வேற ஒரு ஆளு வந்துரட்டும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். தாலி அறுத்தவள் கையால் போணியா என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

மதினி கோபப்படவில்லை. "அவிய குடுத்த வாக்கு. அதான் வந்தேன். வேண்டாம்னா சொல்லிரு. நாளைக்கும் வருவேன்" என்றார்கள். பிள்ளைகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. கார்த்திக் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீட்டிய ரூபாயோடு உங்கள் மனைவி நடு வழியில் நின்றார்கள், நான் வரைந்த சந்தில்.

அப்போது எதிர்க்கடையிலிருந்து ஊசி நூல் விற்கும் மாடசாமி கூப்பிட்டார். "யம்மா, இங்கன வாங்க. என்ன வேணும்?"

ஒரு வெள்ளை நூல்கண்டு கேட்டார்கள். அவர் ரூபாயை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக் கல்லாவில் போட்டார். பாத்திரக் கடைக்காரருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னார்: "எங்க ஆத்தா கையால சாப்ட்டுத்தான் நான் வளந்தேன். அவ நெத்தியிலயும் பொட்டு கெடையாது."

அளவெடுக்க வந்தவர் டேப்பை விரித்தபடி நின்றிருந்தார். "வேண்டாம்ணே, நீங்க போயிட்டு வாங்க" என்றான் கார்த்திக். என்னைப் பார்த்து, "புழுதிக்கு வேற வழி சொல்லுங்க அத்தை" என்றான். மேற்கு முனையில் ஓட்டைச் செங்கல் சுவர் ஒன்றைக் குறுக்கே வைத்து, அதைச் சுற்றி நடக்கிற மாதிரி செய்திருக்கிறேன். புழுதி பாதி குறைந்திருக்கிறது. பாதி வரத்தான் செய்கிறது.

பாத்திரக் கடைக்காரர் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு அவரும் கரண்டியை விற்றார். மதினி இப்போது தினமும் நடந்து வருகிறார்கள். வாசலைத் தாண்டிக் காரில்லாமல் போகாத மதினி, மாடசாமியிடம் நின்று ஊர்க்கதை பேசுகிறார்கள். உங்கள் வீட்டில் நூல்கண்டும் ஊக்கும் கரண்டியும் வைக்க இடமில்லை. கொஞ்சம் தாமதமானால் கடைக்காரர்கள் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். இதை நீங்கள் பார்க்காமல் போனது எனக்குத் தாங்கவில்லை அண்ணாச்சி. உங்களோடு சண்டை போட்டே பழகிவிட்டேன், இப்போது சொல்லிப் பெருமைப்பட ஆள் இல்லை.

அடுத்த மாதம் மதினிக்கு முழங்காலில் ஆபரேஷன். கொஞ்ச நாள் நடக்க முடியாது. அதுவரைக்கும் யார் போவது என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். நான் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, எல்லாக் கடையிலும் நானே போணி பண்ணுவேன். பேரம் பேச மாட்டேன், இது சத்தியம்.

வாக்கைக் காப்பாற்ற வரும்,
உங்கள் தங்கச்சி
முத்துப்பேச்சி