மூணு நாள் தப்பாத் திருப்பினவன்

என் கோபக்காரிக்கு,

இன்னைக்கு உன் கால்ல இருந்த கம்பியைக் கழட்டிட்டாங்க. குட்டையா இருந்த நாலாவது விரல் இப்போ மத்த விரல்களோட சரிசமமா நிக்குது. இனி தைரியமா உண்மையைச் சொல்லலாம்.

ஆபரேஷன்ல வெட்டின விரல் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து நீளமாக்க, கம்பியில இருந்த திருகை தினமும் திருப்புற வேலையை டாக்டர் என்கிட்ட விட்டாரு. கடிகாரம் ரிப்பேர் பண்றவனுக்கு இதெல்லாம் ஜுஜுபின்னு பீத்திக்கிட்டேன். பழக்கதோஷத்துல மூணு நாள், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற பக்கமே திருப்பிட்டேன். நாலாம் நாள், திருகு மேல இருந்த அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டுறதைப் பார்த்ததும் டாக்டர்கிட்ட ஓடினேன். "ஒண்ணும் கெட்டுப்போகல"ன்னாரு. போன உயிர் திரும்பி வந்துச்சு.

"அவர் கை பட்டா வலிக்கவே இல்ல"ன்னு ஊருக்கெல்லாம் சொன்னியே, அது அந்த மூணு நாள்தான்.

நீ ஆசைப்பட்ட, விரல் தெரியுற செருப்புக்குள்ள இந்தக் கடிதாசியை வெச்சிருக்கேன். அடிக்கணும்னு தோணினா வேற ஆயுதம் தேட வேண்டாம்.

உன் கடிகாரக்காரன்