இரவல் நாற்காலி

இயேசு மரி சூசை

மரக்காணம்,
10-8-1974, சனிக்கிழமை

என் செல்ல மகள் லூர்துமேரிக்கு,

நலம் விசாரிப்பதை எல்லாம் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் செய்தி. வருமானச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. தாசில்தார் கையெழுத்து, வட்ட முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருக்கிறது. நானே மூன்று தடவை படித்துப் பார்த்தேன். இந்தக் கடிதத்தோடு சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கவரைப் பார்த்துப் பிரி, அவசரத்தில் உள்ளே இருப்பதையும் சேர்த்துக் கிழித்துவிடாதே. உன் அவசரம் எனக்குத் தெரியும். அது என்னிடமிருந்து வந்ததுதானே.

இந்த மாதக் கடைசிக்குள் சான்றிதழ் வராவிட்டால் ஸ்காலர்ஷிப் கிடையாது, ஸ்காலர்ஷிப் இல்லை என்றால் பீஸ் கட்ட வழியில்லை, பீஸ் கட்டாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். இனி அடிக்கட்டும் பார்ப்போம். அந்தக் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். படிப்பை விட்டுவிட்டுப் பாண்டிச்சேரியில் ஏதாவது துணிக்கடையில் பில் போட வந்துவிடட்டுமா என்று. உன் அப்பாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். பக்கத்தில் நீ இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். உப்பளத்தில் வேலை செய்கிற வீட்டிலிருந்து பி.எஸ்ஸி. படிக்கப் போனவள் நீ ஒருத்திதான். பில் போடுவதற்கா உன்னை மெட்ராசுக்கு பஸ் ஏற்றினோம்?

சான்றிதழ் வந்த கதையை நீ கேட்கவேண்டும். உன் அறையில் இருக்கிற பெண்களுக்கும் படித்துக் காட்டு, சிரிக்கட்டும்.

போன மாதக் கடைசியில் ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணம் ஆள் அனுப்பியிருந்தார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வருகிறார், வீட்டில் என்ன வசதி, என்ன வருமானம் என்று நேரில் பார்த்து எழுதுவார், அதை வைத்துத்தான் தாசில்தார் சான்றிதழ் கொடுப்பார் என்று சொல்லி அனுப்பினார். அவ்வளவுதான், உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நம் வீட்டுக்கு இதுவரை வந்த பெரிய மனிதர் யார்? பங்குச் சாமியார் ஒருவர்தான். அவரும் நின்றபடியே ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்துவிட்டுப் போய்விடுவார். சர்க்கார் ஆபீசர் வந்தால் எங்கே உட்காருவார், எதில் தண்ணீர் குடிப்பார் என்று இவர் ராத்திரி எல்லாம் புரண்டு புரண்டு படுத்தார்.

விடிந்ததும் காசிலிங்கம் டீக்கடைக்குப் போய் இரண்டு நாற்காலி இரவல் வாங்கிவந்தார். காசிலிங்கம் லேசுப்பட்டவரா? பொண்ணு படிப்பு விஷயம், சும்மா வுடலாமா என்று கடைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் அக்கா பித்தளைக் குடமும் செம்பும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தாள். குப்பத்திலிருந்து இருசப்பன் தன் ரேடியோவைத் தோளில் மாட்டிக்கொண்டு தானாகவே வந்துவிட்டார். ஆபீசர் வர்ற வூட்ல பாட்டு சத்தம் இல்லாம எப்படி என்றார். வலையில் பட்ட நண்டும் ஒரு கூடை கொண்டுவந்தார்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? அஞ்சம்மாள் அக்கா மகளுடைய நைலக்ஸ் புடவையை வாங்கிக் கட்டிக்கொண்டேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பாதி நாள் கூலி போனது இரண்டு பேருக்கும். இதெல்லாம் முடிந்த பிறகு வீட்டைப் பார்த்தால் எனக்கே வேறு யார் வீட்டுக்குள்ளோ வந்துவிட்ட மாதிரி இருந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. வருகிறவர் நாம் ஏழைதானா என்று பார்க்க வருகிறார் என்பது எங்கள் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறார் என்பது மட்டும்தான் ஏறியது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். வயசானவர், வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். உட்கார்ந்தார், செம்பில் தண்ணீர் குடித்தார், ரேடியோவைப் பார்த்தார். சாப்பிடச் சொன்னோம். நண்டுக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். ரேடியோ நல்லா பாடுதே, இன்னா விலை ஆச்சு என்று கேட்டார். உன் அப்பா கையைக் கட்டிக்கொண்டு, எல்லாம் உங்க புண்ணியத்துலங்க என்றார். வேறு என்ன சொல்வது? இரவல் என்று சொன்னால், உங்களுக்காக ஊரெல்லாம் அலைந்தேன் என்று சொல்லிக் காட்டுகிற மாதிரி ஆகாதா? நம்பிக் கொடுத்தவர்களுக்கும் மரியாதை இல்லை. வீட்டுச் செலவுக்குக் கஷ்டம் ஏதாவது உண்டா என்று கடைசியில் கேட்டார். அவர் கையில் நண்டுக் கால் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரிடம் கஷ்டம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அப்படி ஒண்ணும் கெடையாதுங்க, நல்லா இருக்கோங்க என்று இவர் சொன்னார். கதவு மறைவில் நின்றிருந்த நானும் நன்றாகத் தலையாட்டினேன்.

அவர் போன பிறகு எல்லோரும் உட்கார்ந்து மிச்சக் குழம்பைச் சாப்பிட்டோம். காரியம் ஜெயம் என்று காசிலிங்கம் எல்லோருக்கும் டீ கொடுத்தார்.

திங்கட்கிழமை கர்ணம் உப்பளத்துக்கே வந்து எங்களைக் கரைக்குக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டர் எழுதியிருந்தது இதுதான்: வசதியாக வாழும் குடும்பம், உதவித்தொகை தேவையில்லை. கர்ணம் அவரிடம் கேட்டும் பார்த்தாராம். அவ்ளோ மரியாதையா வாழற குடும்பத்தப் போயி ஏழைன்னு எழுத எனக்கு மனசு வரலய்யா என்றாராம். கெட்ட மனிதராக இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது ஆறியிருப்பேன். இவரை என்ன சொல்லித் திட்டுவது?

அன்றைக்கு நான் உன் அப்பாவைத்தான் திட்டினேன். பெருமைக்குப் பிள்ளையின் படிப்பைத் தின்றுவிட்டீர்கள் என்று பாத்தி வரப்பில் நின்று கத்தினேன். நைலக்ஸ் புடவை கட்டியவள் நான்தான் என்பது கத்தி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் பலகையை எடுத்துக்கொண்டு உப்பு வாரப் போய்விட்டார். சாயங்காலம் அஞ்சம்மாள் அக்கா ஓடிவந்து, என் கொடத்தாலதான் பொண்ணு படிப்பு போச்சா, இத்த கடல்ல கொண்டுபோயி போட்டுட்றேன் என்று ஒப்பாரி வைத்தாள். அவளைத் தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காசிலிங்கம்தான் வழி சொன்னார். வாயால சொன்னா எவன் நம்புவான், பொருளையே தூக்கினு போயி தாசில்தார் எதிர்ல வெப்போம், அவங்கவங்க பொருளுக்கு அவங்கவங்க சாட்சி சொல்லட்டும் என்றார்.

நேற்று காலை போனோம். நீ பார்த்திருக்கவேண்டும் லூர்து. நாற்காலி இரண்டும் பஸ் கூரைமேல். கடிகாரம் காசிலிங்கம் மடியில், குடம் அக்கா இடுப்பில், செம்பு அவள் கையில், ரேடியோ இருசப்பன் தோளில். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது கடிகாரம் நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தது, பஸ் முழுக்கச் சிரித்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் இறங்கி நடந்தால் பியூன் எழுந்து நின்று, யாரு வூட்டுக் கல்யாணம், சீர்வரிசைய இங்க எதுக்கு எடுத்தாந்தீங்க என்று கேட்டார்.

சத்தம் கேட்டுத் தாசில்தாரே வராந்தாவுக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், கண்ணாடி போட்டவர்.  நான்தான் பேசினேன். எம் பொண்ணு மெட்ராசுல படிக்குதுங்க, இதெல்லாம் எங்க வூட்டுப் பொருள்னு எழுதிட்டாங்க, எதுவும் எங்களுது இல்லீங்க, நீங்களே பாத்துக்குங்க என்றேன். 

இருசப்பன் முதலில் முன்னால் வந்து ரேடியோ லைசென்சை நீட்டினார். போஸ்டாபீஸ் முத்திரையோடு அவர் பெயர் இருந்தது. காசிலிங்கம் நாற்காலியைத் திருப்பி வைத்தார். முதுகுப் பலகையில் காசிலிங்கம் டீ ஸ்டால் என்று பெயிண்டில் எழுதியிருந்தது. அஞ்சம்மாள் அக்கா குடத்தைத் தூக்கித் தாசில்தார் மூக்குக்கு நேரே பிடித்தாள். அவள் கல்யாணத்துக்கு வாங்கியது, பெயர் வெட்டியிருக்கிறது. செம்பிலும் வெட்டியிருக்கிறது. தாசில்தார் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, தண்ணி குடிச்ச செம்புல பேர் இருந்ததே, படிக்கலயா என்று கேட்டார். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு, கொழம்பு அப்படி இருந்துதுங்க சார் என்றார். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார். குமாஸ்தாக்கள் எல்லாம் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

பிறகு அவர் உன் அப்பாவைப் பார்த்து, எல்லாம் அவங்கவங்க பேர்ல இருக்கு, உங்க பேர்ல என்ன இருக்குன்னு நீங்க சொல்லணும், அத எழுதணும் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.  மறுபடியும் நல்லா இருக்கோங்க என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். உன் அப்பா, ஒண்ணும் இல்லீங்க என்றார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்குக் கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க என்றார். இவர் நிமிர்ந்து, எனக்கு ஒண்ணும் இல்லீங்க, உப்பு வார்ற நாளைக்குத்தான் கூலி, மழ வந்தா அதுவும் இல்லீங்க என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. சாயங்காலம் பஸ் ஏறும்போது சான்றிதழ் என் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. வழி நெடுக இருசப்பன் ரேடியோவைப் பாடவிட்டார்.

இனி நீ செய்யவேண்டியது. திங்களோ செவ்வாயோ கவர் வந்ததும் அன்றைக்கே ஆபீசில் கொடு. கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள். ஸ்காலர்ஷிப் பணம் பொங்கலுக்கு அப்புறம்தான் வரும் என்று இங்கே கான்வென்ட் சிஸ்டர் சொன்னார்கள். அதுவரைக்கும் பீஸை இரண்டு தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுது. கேட்பதற்கு வெட்கப்படாதே. முதல் தவணைக்குக் கவலை இல்லை. உப்பளத்துப் பெண்கள் சீட்டில் இந்த மாதம் எடுக்கவேண்டியவள் மங்கம்மா, அவள் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். மணியார்டர் செவ்வாய்க்கிழமை புறப்படும். முதலில் காலேஜ் பீஸ், ரசீதைப் பத்திரமாக வை, பிறகுதான் மெஸ் பாக்கி. காலை டிபனை நிறுத்தி மிச்சம் பிடிக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அது மிச்சமில்லை, நாளைக்கு டாக்டருக்குக் கொடுக்கிற பணம். வயிறாரச் சாப்பிடு. இந்தச் சான்றிதழ் வருஷா வருஷம் வேண்டுமாம். அடுத்த வருஷமும் இன்ஸ்பெக்டர் வருவார், வரட்டும். பாயில் உட்காரவைப்பேன். குழம்பு மட்டும் அதே குழம்புதான்.

நீ நன்றாக இருக்கிறாயா? இருமல் நின்றதா? இங்கே எல்லோரும் சுகம். ஊரே உன் சான்றிதழைப் பற்றித்தான் பேசுகிறது. நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இன்னும் ஒன்று. இந்தப் பத்தியை உன் அறைப் பெண்களுக்குப் படித்துக் காட்டாதே. உன் அப்பா நேற்று திரும்பும்போது பஸ்ஸில் எங்களோடு உட்காரவில்லை. கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். இரவல் பொருளை எல்லாம் தானே சுமந்துகொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார். இத்தனை வருஷத்தில் ஒண்ணும் இல்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. அடைமழையில் அடுப்பு எரியாத நாளிலும் நீ பொரி உருண்டை கேட்டால், இருக்குது பாப்பா, வாங்கியாறேன் என்றுதான் கிளம்புவார், எங்கே போவாரோ தெரியாது, கொண்டுவருவார். அப்படிப்பட்டவர் அத்தனை பேர் நடுவில் இரண்டு தடவை சொன்னார். எனக்கு நெஞ்சு வலிக்கிறது லூர்து.

அதனால் அடுத்த கடிதத்தில் அவரிடம் ஏதாவது கேள். பெரிதாக வேண்டாம். ஒரு குடையோ, ஒரு ஜோடி செருப்போ, ஏதோ ஒன்று. எங்களுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று எனக்கு எதுவும் வேண்டாம் அப்பா என்று மட்டும் எழுதிவிடாதே. கேள். அப்பாவுக்கு என்று தனியாகப் போட்டுக் கேள். நான் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.

ஆரோக்கிய மாதா உன் கூடவே இருக்கட்டும்.

உன் அம்மா,
ச. ராசம்மாள்